எட்டுக் கட்டு விறகும் முந்நூற்றைம்பது யூனிட்டும்

மழையை மகுடமாகவும் மலையை மதிலாகவும் கொண்ட சக்குபள்ளத்தில், ஏலக்காய் உலர்த்துவோர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் அன்புக்குரிய அழகுத்தாய் அக்கா அவர்களே! மூட்டுவலியை மறந்து முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் குருசாமி ஐயா உள்ளிட்ட பெரியோர்களே! காய் எடுத்த கையின் கறைகூடக் காயாமல் ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! சுண்டலுக்காக வந்துவிட்டுச் சொற்பொழிவுக்காக வந்ததுபோல் பாவனை காட்டும் பின்வரிசைப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் சங்கச் செயலாளன் தங்கதுரையின் தலை தாழ்ந்த வணக்கம்.

தலை தாழ்ந்த வணக்கம் என்று ஏன் சொன்னேன்? அடக்கத்தாலா? அலங்காரத்தாலா? இல்லை! குற்றவாளி எவனாவது தலை நிமிர்ந்து வணக்கம் சொல்வானா? அங்கே மைக் செட் சுஜின் சிரிக்கிறார், பாருங்கள். சிரியும், சிரியும். அன்றைக்கு லாரியைத் திருப்பி அனுப்பச் சொன்னபோது என் பக்கம் நின்று கை தட்டியவரும் நீர்தானய்யா!

எனக்குக் கொடுத்த தலைப்பு, “மின்சாரத்தையும் வெப்பத்தையும் மாற்றிக் கணக்கிடுவது எப்படி?” கொடுத்தவர் காய் உலர்த்தும் நம் ஸ்டோருக்கு வயரிங் செய்து தந்த ஆர்த்தி அவர்கள். இந்த ஊரில் அந்தக் கணக்குத் தெரியாதவர்களில் முதல்வன் நான் என்பதால்தான் என்னைத் தேர்ந்தெடுத்தாராம். என்ன குறும்பு!

அன்பர்களே, இருபத்திரண்டு குடும்பங்கள் நாம். ஆளுக்கு அரை ஏக்கர் ஏலம். எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு ஸ்டோர், அதில் காய் உலர்த்த ஒரே ஒரு விறகடுப்பு. அந்த அடுப்புக்கு அருகில் பத்தொன்பது ஆண்டுகள் அமர்ந்திருந்தவர் யார்? இன்றைய நம் தலைவர் அக்காதான். தீ கூடினால் காய் கருகும், தீ குறைந்தால் காய் வெளுக்கும். கூடாமலும் குறையாமலும் காத்த கை அந்தக் கை! ஆனால் காயைக் காத்தவரின் நெஞ்சைப் புகை காக்கவில்லையே! “இனி ஒரு பருவம் இந்தப் புகையில் உட்கார்ந்தால் மூச்சு தாங்காது” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா விலகினால் அடுப்பைப் பார்க்க ஆளில்லை, விலகாவிட்டால் அக்காவே இல்லை. அதனால்தான் மின்சார உலர்த்தி வாங்குவது, அதையும் அக்காவே நடத்துவது என்று கமிட்டி முடிவு செய்தது. நல்ல முடிவு. அதைக் கெடுக்க ஒருவன் வேண்டாமா? வந்தேன் நான்!

போன ஆடி மாதம், கொட்டுகிற மழையில் பாண்டி அண்ணன் லாரியில் அந்தப் பெட்டி வந்து இறங்கப் பார்த்தது. ஏறிப் பார்த்தேன். அதன் தகட்டில் “இருபது கிலோவாட்” என்றிருந்தது. நம் பழைய அடுப்பின் தகட்டில் என்ன இருந்தது? “மணிக்குப் பதினேழாயிரம் கிலோ கலோரி.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாமெல்லாம் யார்? சல்லடை போட்டுக் காய் பிரிப்பவர்கள். எட்டு மில்லிமீட்டர் காய் ஏழு மில்லிமீட்டரைவிட மேல். எண் பெரிதென்றால் சரக்கு உயர்வு, இதுதானே நமக்குத் தெரிந்த சாத்திரம்? அந்தச் சல்லடையை எடுத்துக்கொண்டு மின்சாரத்தை அளக்கப் போனேன். “பதினேழாயிரம் எங்கே, இருபது எங்கே? இதுல கடுகு வறுக்கக்கூடப் பத்தாது. யார ஏமாத்தப் பாக்குறாய்ங்க? திருப்புங்கண்ணே வண்டிய!” என்று கத்தினேன்.

பாண்டி அண்ணன் திருப்பினார். கம்பம்மெட்டுப் பாதையில் மரம் விழுந்து வழி அடைத்துக்கிடந்ததால், போன வேகத்தில் திரும்பி வந்து ஸ்டோர் வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். அந்த மரத்துக்கு ஒரு மாலை போட வேண்டும் நான்.

மறுநாள் காலை நானூறு கிலோ பச்சைக்காய் ஸ்டோருக்கு வந்து சேர்ந்தது. விறகுக் கொட்டகைக் கூரை ஒழுகி, விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. பச்சைக்காயைப் போட்டு வைக்க முடியுமா? ஒரு நாள் தாண்டினால் பச்சை போய்விடும், பச்சை போனால் இருபத்திரண்டு வீட்டு உழைப்பும் போய்விடும். அக்கா அந்த ஈர விறகைப் பற்றவைக்க ஊதினார். இருமினார். ஊதினார். இருமினார். நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இருமல் இன்னும் என் காதில் கேட்கிறது. பாவி நான், அப்போதும் தகட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆர்த்தி பொறுமையாகச் சொன்னார்: “அண்ணே, ரெண்டும் வேற வேற அளவு. ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட்டு. ஒரு யூனிட்டுன்னா எண்ணூத்தி அறுபது கிலோ கலோரி. இருபத அதால பெருக்கிப் பாருங்க. பதினேழாயிரத்து எரநூறு. உங்க அடுப்பவிட ஒரு பிடி கூடத்தான் இருக்கு.”

நம்பினேனா? என் மண்டையில் ஏறவில்லை. அப்போது அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார், பாருங்கள் ஒரு கேள்வி!

“ஏத்தா ஆர்த்தி, கலோரியெல்லாம் எனக்கு வேணாம். ஒரு கட்டு வெறகுக்கு எத்தன யூனிட்டு? அத மட்டும் சொல்லு.”

“கட்டு எத்தன கிலோக்கா?”

“இருவத்தஞ்சு.”

“காஞ்ச வெறகு கிலோவுக்குச் சுமாரா மூவாயிரம்னு வச்சா, கட்டுக்கு எழுவத்தஞ்சாயிரம் கிலோ கலோரி. பாதி புகைக்கூண்டு வழியாப் போயிரும். காய்க்கு வந்து சேர்றது முப்பத்தேழாயிரத்து ஐநூறு. அத எண்ணூத்தி அறுபதால வகுத்தா, நாப்பத்து மூணரை யூனிட்டு.”

“ஒரு தடவ காய் போட்டா எனக்கு எட்டுக் கட்டு ஆகும்.”

“அப்ப சுமாரா முந்நூத்தம்பது யூனிட்டுக்கா. இந்தப் பொட்டி மணிக்கு இருபது எடுக்கும். பதினேழர மணி நேரம்.”

அக்கா கண்ணை மூடினார். பத்தொன்பது ஆண்டுத் தீயை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். “எட்டுக் கட்டு எரிய எனக்கும் அம்புட்டு நேரந்தான் ஆகும். கணக்குச் சரியாத்தான் இருக்கு. எறக்குங்கய்யா பொட்டிய! ஏ தங்கதுரை, நீயும் ஒரு பக்கம் பிடி!” என்றார். பிடித்தேன். பிடிக்காமல் இருக்க முடியுமா?

என் அருமைத் தோழர்களே! மரத்தில் இருந்தாலும் வெப்பம் வெப்பமே! கம்பியில் வந்தாலும் வெப்பம் வெப்பமே! கலோரியில் எழுதினாலும், கட்டில் கட்டினாலும், யூனிட்டில் ஓடினாலும் அது ஒன்றே! நம் விறகை நனைத்த மழை எது? அணையில் நிறைந்து மின்சாரமாய் மாறிய மழை எது? இரண்டும் இந்த இடுக்கி மலையில் பெய்த ஒரே மழையல்லவா! அளவுகள் ஆயிரம் இருக்கட்டும். அவரவர் அறிந்த அளவுக்கு மாற்றிச் சொல்ல ஓர் ஆர்த்தி வேண்டும். தனக்குத் தெரிந்த அளவைக் கூச்சமின்றிக் கேட்க ஓர் அழகுத்தாய் வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் கத்த மட்டும் என்னைப்போல் ஒருவன் வேண்டவே வேண்டாம்! (கை தட்டுகிறீர்கள். இதற்கு மட்டும் இவ்வளவு பலமாகவா?)

பகல் ஒரு மணிக்குச் சுவிட்சைப் போட்டவர் அக்கா. மறுநாள் காலை ஆறரைக்கு இருபத்திரண்டு வீடும் ஸ்டோர் வாசலில் நின்றது.  காய் போனால் பெட்டியைக் குறை சொல்லலாம், காய் பிழைத்தால் என்னைத்தான் சொல்ல வேண்டும். அக்கா கதவைத் திறந்து முதல் தட்டை இழுத்தார். பச்சை! வெடிக்காத, வெளுக்காத, பளபளத்த பச்சை! பெண்கள் குலவையிட்டார்கள்.

அக்கா குனிந்து தட்டின் மேல் முகத்தை வைத்து மூச்சை இழுத்தார். இருமல் வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. “பத்தொம்பது வருசம் இந்த ஸ்டோர்ல ஒக்காந்திருக்கேன் தங்கதுரை. ஏலக்காய்க்கு இம்புட்டு வாசம்னு இன்னைக்குத்தான் தெரியுது” என்றார்.

அன்று தாழ்ந்த தலைதான் இது. வெட்கம் பாதி, மகிழ்ச்சி பாதி. அந்த அக்கா இந்த ஓராண்டாய் இருமாமல் ஸ்டோரை நடத்தி, இதோ இன்று தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவருக்கும், ஆர்த்திக்கும், பாண்டி அண்ணனுக்கும், பாதையில் விழுந்த அந்த மரத்துக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. சுண்டல் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, வணக்கம்!