பேனருக்குக் கீழ ரூம் வாடகைக்கு

“கேட்ல எழுதியிருக்கறத உனக்கு யாராச்சும் படிச்சுக் காட்டணுமாம்மா?”… இப்படிக் கேட்டுட்டுத்தான் போனா எம் பொண்ணு ஷாமினி. யாரப் பாத்து? என்னப் பாத்து. கான்வென்ட்ல படிச்சவ நானு. எலகியூஷன் பேச்சுப் போட்டில கப்பு வாங்குனவ. சிஸ்டருங்க ‘மார்க்கிரட், நீ எந்திரிச்சு வாசி’ன்னு என்னத்தான் எழுப்பி விடுவாங்க. எனக்குப் படிச்சுக் காட்டணுமாம்.

நீ உக்காரும்மா. மாதவின்னுதானே சொன்ன? ரூம் எங்கயும் ஓடிப் போவாது, அப்பறம் பாக்கலாம். மொதல்ல மைலோவக் குடி. இனிப்பு பத்துமா? பத்தும் பத்தும்.

உள்ள வரும்போது அந்த பேனரப் பாத்திருப்பியே. அது புது பெட்ஷீட்டும்மா. நல்ல காட்டன், பாசார்ல பேரம் பேசி வாங்குனது. அத எடுத்து, கறுப்பு பெயின்ட்ல ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’னு எழுதி, கேட்ல கட்டிப்புட்டா. அமெரிக்காவுல கத்துறாங்க, சரி, நாயந்தான். இங்க சுங்கை வே ஊர்ல, அலமாரிக்குள்ள கெடந்த என் பெட்ஷீட்டு என்ன பண்ணுச்சு? கேட்டா, ‘கறுப்பு உசுரும் உசுருதாம்மா, எல்லா ஊர்லயும்’ங்கறா. நல்ல விஷயந்தானே, இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேன். எதுக்கெடுத்தாலும் குறுக்க நிக்கற அம்மா இல்ல நானு.

மறுநாள் காலைல பக்கத்து வீட்டு பவுனம்மா கேட்டப் புடிச்சிகிட்டு நிக்கிறாங்க. ‘அக்கா, நா மாநிறம். நா இதுல சேத்தியா இல்லயா?’ மாநிறம்னு அவங்கதான் சொல்லிக்கிறாங்க, அது வேற விஷயம். ‘சேத்திதான், போங்க’ன்னேன். ஒடனே மூஞ்சி மாறிப்போச்சு. ‘அப்ப நா கறுப்புன்னு சொல்றீங்களா?’ அன்னிலேர்ந்து கருவேப்பில கேட்டாக்கூட குடுக்கறதில்ல.

எதிர்வீட்டுல சண்முகரத்தினம் அங்கிள் இருக்காரு, யாழ்ப்பாணத்துக்காரரு, கவர்மென்ட்ல பெரிய கிளார்க்கா இருந்து ரிட்டையரானவரு. கண்ணாடியப் போட்டு நிதானமா வாசிச்சிட்டு, ‘பிள்ளை, எல்லா உயிரும் பெரிசெண்டல்லோ எழுதியிருக்க வேணும்’ங்கறாரு. ஷாமினி விடுவாளா? ‘அங்கிள், உங்க வீட்டுல தண்ணி வரலன்னு கம்ப்ளேன் பண்றீங்க. எல்லா வீட்டுத் தண்ணியும் முக்கியந்தான்னு சொல்லி போன வச்சிட்டா சும்மா இருப்பீங்களா?’ன்னுட்டா. மனுசன் இப்ப தலையத் திருப்பிக்கிட்டுத்தான் வாக்கிங் போறாரு.

எங்க வீட்டுக்காரரு ஜெயராஜ் கண்டுபுடிச்ச அர்த்தம் தனி. காலத் தூக்கி ஸ்டூல் மேல போட்டுகிட்டு, ‘மார்க்கிரட், இந்தக் கறுப்பு உசுருக்கு ஒரு டீ.’ பேனர் வந்ததுலேர்ந்து ஒரு கப்ப எடுத்து சிங்க்ல போட்டதில்ல.

ஆனா பாரு, எனக்குத்தான் அதுக்கு அர்த்தம் தெரியாதாம். தெரியாதா எனக்கு? கல்யாணமான புதுசுல பெட்டாலிங் ஜெயாவுல வீடு தேடுனோம். போன்ல பேசுனது நானு. என் இங்கிலிஷக் கேட்டு அந்த வீட்டுக்காரரு, ‘வாங்க வாங்க மேடம், ஒடனே வாங்க’ன்னு கொழயறாரு. பஸ்ஸப் புடிச்சுப் போயி எறங்குனா நல்ல மழ. அவரு கொடயப் புடிச்சிகிட்டு கேட்டுக்கு உள்ளயே நிக்கிறாரு. எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்தாரு. ‘சாரி லா, ஆள் வந்தாச்சு.’ அவ்வளவுதான். போன வச்சு பஸ்ஸ விட்டு எறங்கறதுக்குள்ள ஆள் வந்தாச்சாம். அடுத்த வாரமும் ‘வீடு வாடகைக்கு’ங்கற அந்த போர்டு அங்கயேதான் தொங்குச்சு, என் கண்ணால பாத்தேன். இன்னிக்கும் அந்தத் தெருவுல நா கால் வைக்கறதில்ல, சுத்திக்கிட்டுத்தான் போவேன். ஷாமினிக்கு சோறு ஊட்டும்போதே இந்தக் கதையச் சொல்லித்தான் வளத்தேன். அந்தக் கோவத்துலதான் அவ பேனரே எழுதுனா. அப்ப அந்த பேனர் யாரோடது, சொல்லு?

அவளுக்கு நா என்ன பண்ணாலும் குத்தம். வெயில்ல போவாதன்னா குத்தம். மூஞ்சி கொஞ்சம் தெளியட்டும்னு க்ரீம் வாங்கியாந்தா குத்தம். ‘கேட்ல ஒண்ணு, அலமாரில ஒண்ணா?’ங்கறா. அது வேற விஷயம் இல்லயா? தாய் மனசு.

எங்க விட்டேன்… ஆங், ரூம். மூத்தவன் வேலைக்கு ஜோகூர் போய்ட்டான், அவன் ரூம் சும்மா கெடக்கு. ‘ரூம் வாடகைக்கு’ன்னு இங்கிலிஷ்ல அழகா ஒரு போர்டு எழுதுனேன். எங்க மாட்டறது? பேனருக்குக் கீழதான் ஒரு கம்பி காலியா இருந்துச்சு. மாட்டுனேன்.

வெள்ளிக்கெழம சாயந்தரம் பெல் அடிக்குது. போய்ப் பாத்தா நெடுநெடுன்னு ஒரு பையன். ஜாம்பியாவாம், ஆப்பிரிக்கா. இங்க காலேஜ்ல என்ஜினியரிங் படிக்கிறான். ‘ஆன்டி, எத்தனையோ வீடு ஏறி எறங்கிட்டேன். இப்படி எழுதி வச்சிட்டு ரூம் விடற வீட்ட இப்பத்தான் பாக்கறேன், ரொம்ப சந்தோசம்’ங்கறான். மேல ஷாமினி எழுதுனது, கீழ நா எழுதுனது. ரெண்டையும் சேத்துப் படிச்சிருக்கான்மா அவன்.

பேரு பெனடிக்ட். எங்க சர்ச்சுக் கோயில்தான். ஞாயித்துக்கெழம பூசைல பின்னால நின்னு பாடுவான், நல்ல கொரலு. பூசை நடுவுல ஒருத்தருக்கொருத்தரு சமாதானம் குடுக்கறப்ப நானே கை குடுத்திருக்கேன், ரெண்டு கையாலயும். ஆனா அது கோயிலு. இது வீடில்லயா?

வெரட்டல நானு. கொரல ஒசத்திக்கூடப் பேசல. தூறல் விழுந்துச்சா, கொடயப் புடிச்சிகிட்டு கேட்டுக்கு உள்ளயே நின்னு, மரியாதையாத்தான் சொன்னேன். ‘சாரி லா பெனடிக்ட், ஆள் வந்தாச்சு.’

‘பரவால்ல ஆன்டி’ன்னான். பேனர்ல ஒரு மூல அவுந்து தொங்குச்சு. அத இழுத்துக் கட்டி விட்டுட்டுப் போனான்.

திரும்புனா ஷாமினி நிக்கிறா. ‘எந்த ஆளும்மா வந்தாச்சு?’ன்னா. அப்பறந்தான் அந்தப் பேச்சு, கேட்ல எழுதியிருக்கறதப் படிச்சுக் காட்டணுமான்னு. பையத் தூக்கிகிட்டு ஸ்ரீ கெம்பாங்கான்ல கூட்டாளி வீட்டுக்குப் போய்ட்டா. நா போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறா. அவங்கப்பாவுக்கு மட்டும் மெசேஜ் வருது, ‘அந்த ஆள் வந்ததும் சொல்லுங்க, நா வரேன்’னு. நக்கலு. கிறிஸ்மஸ் கிட்ட வந்துருச்சு. கேக்குக்கு முட்ட அடிக்கறது எப்பவும் அவதான், சின்னதுலேர்ந்து. நா மாவ வாங்கி வச்சிட்டு மாவயே பாத்துகிட்டு உக்காந்திருக்கேன்.

அதாம்மா, உன்ன ஆண்டவந்தான் அனுப்புனாரு. ரூம நீ எடுத்துக்க. ஆஸ்பத்திரில வேல பாக்கற பொண்ணு, நம்ம பொண்ணு. நீயுந்தான் கறுப்பு, நா வேணாம்னா சொல்றேன்? நீ எடுத்துட்டா ஆள் வந்தாச்சுதானே. நா சொன்னதும் பொய் இல்லன்னு ஆயிரும். ஒரே ஒரு ஒத்தாச. உன் போன்லேர்ந்து ஷாமினிக்கு அடிச்சு, நீ வியாழக்கெழமயே வந்து பேசி முடிச்சிட்டேன்னு சொல்லிரு. வியாழன், கேட்டியா? பெனடிக்ட் வந்ததுக்கு மொத நாளு. இரு, கண்ணாடி உள்ள இருக்கு, எடுத்துட்டு வந்து நம்பர் சொல்றேன். உக்காரு, உக்காரு…

ஆங், கெடச்சிருச்சு. அழுத்திக்க. சைபர் ஒண்ணு…

மாதவி?

பாத்ரூம் பின்னாலம்மா, லைட்டு சுவிட்சு வெளிய இருக்கு… மைலோவ அப்படியே வச்சிருக்கியே. வாசல்ல செருப்பயும் காணோம்…

ஏம்மா, கேட்டத் தொறந்துகிட்டுப் போறது நீதானே? ரூம் வேணாம்னா விடு, பரவால்ல. வியாழக்கெழம வந்தேன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போம்மா…