லைன் வீட்டு மெயில்

"அவரு எழுதின லெட்டரை எங்க லைன் வீட்டுல பதினோரு குடும்பமும் படிச்சாச்சு. நான்தான்டி இன்னும் படிக்கல."

நஞ்சன்கூட்டிலிருந்து மைசூருக்கு வரும் பஸ்ஸில், ஷிஃப்ட் முடிந்து என் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி இப்படிச் சொன்னாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"ஹௌதா, நிஜமாவா? உன்னைக் கட்டிக்கப் போறவரு மஸ்கட்டுல இருந்து உனக்கு எழுதினதையா?"

"ஆமாண்டி, மெயில். எங்க லைனுக்கே ஒரே ஐடிதான். பக்கத்து வீட்டு போன் நம்பரைக் கொடுப்போமில்ல, அந்த மாதிரி. பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும். பிரவுசிங் சென்டருக்கு யாரு போனாலும் எல்லாருதையும் படிச்சுட்டு வந்துடுவாங்க. காலையில குழாயடியிலேயே சொல்லிட்டாங்க, அவருக்கு இருமலாம். மூணாம் வீட்டு அக்கா கஷாயம் வைக்கற விதத்தை எழுதி பதிலும் அனுப்பியாச்சு."

"கர்மம்! அவருக்கு இது தெரியுமா?"

"தெரியாமயா? கடைசியில 'பதினோரு வீட்டுக்கும் வணக்கம்'னு போடறாரே!"

"மெயில் ஐடி ஆளுக்கு ஒண்ணு சும்மாதானே தராங்க? நீ தனியா ஒண்ணு திறந்துக்க வேண்டியதுதானே?"

அவள் பஸ்ஸை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். நானும் சற்று முன்னால் சாய்ந்தேன்.

"திறந்து ரெண்டு மாசம் ஆச்சு. நாங்க பேசறதெல்லாம் அதுலதான். லைன் ஐடிக்கு வர்றது அவங்களுக்காக அவரு வாராவாரம் எழுதறது. நிறுத்தினா கல்யாணமே நின்னுபோச்சுன்னு நினைச்சுக்குவாங்க, பாவம்."