நூற்றி எழுபது

அப்பா தலைவலி மாத்திரைகூடப் போட்டவரில்லை. அறுபத்தெட்டு வயதிலும் விடிந்ததும் கொழிஞ்சாம்பாறைத் தோப்பில் தண்ணீர் திருப்பப் போய்விடுவார். எப்போதிலிருந்து பிரஷர் என்று கேட்டீர்களே டாக்டர், அதற்காகச் சொல்கிறேன். அவருக்குப் பிரஷரே இருந்ததில்லை.

உடுமலையில் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டை விட்டு நான் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. முதுகில் இருந்த தழும்பை அப்பாவிடம் காட்டினேன்.

"எல்லா ஊட்லயும் இருக்கறதுதான் அம்மிணி. வெள்ளிக்கெழம நானே கொண்டுபோயி உட்டுப்போட்டு வர்றேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை, கோயமுத்தூர் அண்ணன் வாங்கி அனுப்பியிருந்த பிரஷர் மெஷினை அவர் கையில் கட்டினேன். நூற்றி இருபத்திரண்டு காட்டியது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்து தெரியாது. நூற்றி எழுபது என்றேன்.

"அத்தனையா? எனக்கொண்ணும் பண்ணலியே."

"மொதல்ல ஒண்ணும் பண்ணாதுங்கப்பா. திடீர்னு கை கால இழுத்துப்போடுமாம். படுங்க."

படுத்தார். அந்த ஒரு நாள் போதும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரமும் கிளம்பினார். அதனால் காலையும் மாலையும் அளந்தேன். நூற்றி எழுபத்தைந்து, நூற்றி எண்பது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றார். போனால் படுக்க வைத்துவிடுவார்கள் என்றேன். தோப்புக்குப் போவதை நிறுத்தினார். உப்பை நிறுத்தினார். தூக்கம் தானாக நின்றது. நெஞ்சில் கை வைத்துத் துடிப்பை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பட்டை இறுகும்போதே உள்ளங்கை வேர்த்துவிடும்.

மூன்றாம் மாதம் மெஷின் நூற்றி அறுபத்தெட்டு காட்டியது. மறுபடி அளந்தேன். நூற்றி எழுபத்து நான்கு. வெறும் பயம் ஒரு உடம்பை இவ்வளவு செய்யும் என்று எனக்குத் தெரியாது. அதன்பின் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றே இங்கே கூட்டிவந்திருக்கலாம். மாத்திரையில் அடங்கியிருக்கும். அடங்கினால் உடுமலைக்குக் கிளம்பியிருப்பார். ஐந்து வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று மத்தியானம் சோற்றில் கை வைத்தவர் அப்படியே சாய்ந்தார். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன.

மெஷினை வீட்டில்தான் விட்டுவந்தேன். ஆனாலும் பட்டையிலிருந்து காற்று இறங்கும் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நான் கட்டிலருகே போனால் மானிட்டரில் துடிப்பு நூற்றி முப்பதுக்கு ஏறுகிறதாம். "சேச்சி, கொஞ்சம் மாறி நில்லுங்க" என்கிறார் நர்ஸ் ஜோஜோ. அவருக்கு எங்கே தெரியும்? அப்பாவுக்கு என்மேல் அவ்வளவு பாசம். வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் டாக்டர், நான் பார்த்துக்கொள்கிறேன்.