மணல் வளைவில் விளக்குகள் அணைந்த விதம்

என் பெயர் தயாப். தகப்பனார் பெயர் ஸுவைலிம். வயது அறுபத்தேழு. மஆன் நகருக்குத் தெற்கே, பாலைவன நெடுஞ்சாலையில் உள்ள சாலைப் பராமரிப்பு நிலையத்தில் கிடங்குக் காப்பாளராக இருக்கிறேன். அங்கேயே தங்கி, ஐவேளைத் தொழுகையையும் முன்னின்று நடத்தி வருகிறேன். மணல் வளைவில் நடந்த விபத்து பற்றிய முதல் விசாரணையில் நான் கூறியது முழுமையானதன்று என்பதால், ஒருவரும் அழைக்காமல் நானாகவே வந்து இதைக் கூறுகிறேன்.

எங்கள் நிலையத்தில் டீசல் ஜெனரேட்டரை எடுத்துவிட்டு, சூரிய மின்தகடுகளும் பேட்டரிகளும் அமைத்திருக்கிறார்கள். மணல் ஏறும் வளைவில் உள்ள மஞ்சள் எச்சரிக்கை விளக்குகளும், வயர்லெஸ்ஸும், எங்கள் குடியிருப்பும் அந்த ஒரே பேட்டரியில்தான் இயங்குகின்றன. இவற்றுக்குப் பொறுப்பு, இப்போது காவலில் இருக்கும் பொறியாளர் ஹைஃபா.

சம்பவத்துக்கு முன்பே புழுதிக்காற்று ஓயாமல் வீசி, தகடுகள் மூடிப்போய், பேட்டரி மிகவும் இறங்கியிருந்தது. எனவே வளைவு விளக்குகளையும் வயர்லெஸ்ஸையும் தவிர மற்ற எல்லாவற்றையும் ஹைஃபா நிறுத்தினார். சமையலறை பிளக்கின் மேல் சிவப்பு நாடாவை ஒட்டி, "ஹாஜியார், இதத் தொடாதீங்க. மிஷ்அல் உசிரு இந்தக் கம்பியிலதான் ஓடுது" என்றார். மிஷ்அல் மணல் அள்ளும் இயந்திரத்தை ஓட்டுபவர். அவர் வளைவில் சாலையைத் திறந்துகொண்டிருந்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் ஏதும் தெரியாத அந்தப் புழுதியில், வரும் லாரிகளைத் தடுத்து நிறுத்த அந்த விளக்குகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

அதன் பிறகு, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த வேளையில், நவ்ஃபல் என்பவர் தம் தாயாரைக் காரில் கொண்டுவந்தார். மூச்சுத் திணறலுள்ள அந்த அம்மையாரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியாதபடி வளைவு மூடியிருந்தது. காலையில் போட்டு வைத்திருந்த காப்பியை நவ்ஃபலுக்கு ஊற்றிக் கொடுத்தேன். அவர் அதை வாயருகே கொண்டுபோகாமல் தரையில் வைத்தார். எங்கள் வழக்கப்படி, ஒரு கோரிக்கையோடு வந்த விருந்தினர் அது நிறைவேறும் என்ற சொல் கிடைக்கும் வரை குடிக்க மாட்டார் என்பது அதிகாரி அறிந்ததே. "உம்மாவோட மூச்சு மெஷினுக்குக் கொஞ்சம் கரண்டு வேணும். இல்லாட்டி இந்தக் கோப்பை இங்கேயே கெடக்கட்டும்" என்றார்.

ஹைஃபா பேட்டரி அறைக்குச் சென்று அளவைப் பார்த்துவிட்டு வந்து, "மெஷின் சின்னது, தாங்கும். அதுக்கு மேல ஒரு பல்பு கூடக் கூடாது" என்றார். பிறகு வயர்லெஸ்ஸில் மிஷ்அலிடம் செய்தியைச் சொன்னார். அவர் சிரித்து, "விருந்தாளி வந்தாச்சா? ஹாஜியார்கிட்டச் சொல்லுங்க, எனக்கும் ஒரு கோப்பை எடுத்து வைக்கட்டும். மணல் போடாத காப்பி குடிச்சு ரொம்ப நாளாச்சு" என்றார். அவர் பேசி நான் கடைசியாகக் கேட்டது அதுவே.

மெஷின் ஓடத் தொடங்கியது. ஹைஃபா பேட்டரியைக் கண்காணிக்கத் திரும்பிச் சென்றார். நவ்ஃபல் தரையிலிருந்த கோப்பையை எடுத்துக் குடித்தார். அது ஆறிப்போயிருந்தது. அவர் முகத்தில் எதையும் காட்டவில்லை. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விருந்தினருக்காக எரியும் நெருப்பைப் பாடிய பழைய அரபுக் கவிதைகளைச் சிறு வயது முதல் மனனம் செய்தவன் நான். என் கூரையின் கீழ் ஒருவர் ஆறிய காப்பி குடித்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. எரிவாயு தீர்ந்திருந்தது. எனவே சமையலறைக்குச் சென்று, சிவப்பு நாடாவை உரித்து, திரும்ப ஒட்ட வேண்டுமென்று அதை மேசை விளிம்பில் ஒட்டி வைத்து, மின்அடுப்பைச் செருகினேன். ஒரு கொதி வந்தால் போதும் என்று நினைத்தேன். ஏலக்காயைத் தட்டிக்கொண்டிருந்தபோது எல்லாம் அணைந்துவிட்டது.

மெஷினும் நின்றது. நான் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு அவர்கள் இருந்த அறைக்கு ஓடினேன். நவ்ஃபல் தாயாரைத் தூக்கி உட்காரவைத்து, "உம்மா, மூச்ச விடும்மா, மெதுவா விடும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேட்டரி மறுபடி இணையவில்லை. ஹைஃபா ஓடிவந்து, சமையலறைக்குள் நுழைந்து, அங்கிருந்த கைவிளக்கை எடுத்துக்கொண்டு வளைவை நோக்கி ஓடினார். நான் வயர்லெஸ்ஸை எடுத்து மிஷ்அலின் பெயரைச் சொல்லி அழைத்தேன். அதுவும் அதே பேட்டரியில் இயங்குவது என்பது பலமுறை அழைத்த பிறகே நினைவுக்கு வந்தது. அதன் பிறகு வளைவின் பக்கமிருந்து மோதும் ஓசை கேட்டது. ஹைஃபா அப்போது பாதி வழியில் இருந்ததாகப் பின்னர் அறிந்தேன். டேங்கர் லாரி மோதியதில் மிஷ்அல் இன்னும் நினைவு திரும்பாமல் இருக்கிறார். அம்மையார் ஆம்புலன்ஸ் வரும் வரை தாங்கினார்.

அன்று அதிகாரி வந்து, மெஷினைத் தவிர வேறு என்ன ஓடியது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அப்போது நான் பொய் சொல்வதாக அறியவில்லை. விருந்தினருக்குக் காப்பி வைப்பதை எங்களில் எவரும் ஒரு செயலாகச் சொல்வதில்லை. மூச்சு விட்டதைச் சொல்வதில்லை அல்லவா, அதுபோல. நவ்ஃபலும் சொல்லவில்லை. எனவே விதியை மீறி மெஷினுக்கு மின்சாரம் கொடுத்தவர் என்று ஹைஃபாவைக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் விடியற்காலைத் தொழுகைக்குப் பின் சமையலறைக்குச் சென்றேன். நாடா மேசை விளிம்பில் இருந்தது. மின்அடுப்பு பிளக்கிலிருந்து எடுக்கப்பட்டு, கம்பி ஒழுங்காகச் சுற்றப்பட்டு, அலமாரியில் இருந்தது. நான் அதைச் சுற்றவில்லை. எனக்குப் பின் அந்த அறைக்குள் நுழைந்தவர் ஹைஃபா ஒருவரே. அத்தனை அவசரத்திலும் அவர் அதைக் கண்டிருக்கிறார், எடுத்து வைத்திருக்கிறார், உங்கள் முன்னிலையில் அதைச் சொல்லவில்லை. அதன் பிறகு நான் காப்பி போடவில்லை. முதல் வண்டியில் இங்கு வந்தேன்.

அவர் அனுமதித்த சுமையைப் பேட்டரி தாங்கியது. தாங்காதது நான் ஏற்றியது. மேலே உள்ளதை எழுதியவர் எனக்குப் படித்துக் காட்டினார். எவர் தூண்டுதலும் இன்றி, இறைவனைச் சாட்சியாக வைத்து நான் சொன்ன சொற்களே இவை. இவற்றில் பொய் இல்லை.

(ஒப்பம்) தயாப் இப்னு ஸுவைலிம்

பதிவு செய்தவரின் குறிப்பு: விசாரணையின் தொடக்கத்தில் சாட்சிக்குக் காப்பி வழங்கப்பட்டது. அவர் கோப்பையைத் தரையில் வைத்தார். ஒப்பமிட்ட பின்னும் அதை எடுக்கவில்லை. பொறியாளரின் காவல் குறித்து உத்தரவு வரும் வரை இங்கேயே அமர்ந்திருப்பதாகத் தெரிவிக்கிறார்.