மூன்றாவது கமராவின் பற்றரி

காட்டில் மரத்தில் கட்டுகிற, அசைவைக் கண்டால் தானாகப் படம் எடுக்கும் கமராவுக்கு லித்தியம் பற்றரிதான் போடவேண்டும். சாதாரண பற்றரி வெயில் காலத்தில் ஓடும், ஒரு குளிர் வந்தால் படுத்துவிடும். ஆறு வருடமாக நாலு கமரா வைத்திருக்கிறேன், ஒன்றுகூட இடையில் நின்றதில்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், எழுத எனக்குத் தெரியும். வேட்டை அனுமதிப் பரீட்சையையே டொச்சில்தான் எழுதினேன். ஆனாலும் இதை மட்டும் தமிழில்தான் எழுத முடிகிறது. பொலிசுக்காக மொழிபெயர்க்கப் போகிற பிள்ளை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும்.

என் பெயர் கஜீவன், வயது நாற்பத்து நாலு. எம்மன்புரூக்கே என்ற ஊரில் ஓர் உலோகத் தொழிற்சாலையில் வேலை. மலைப்பக்கம் போஸ்ட் பஸ் கடைசியாக நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு காடு இருக்கிறது. அதைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் வேட்டைச் சங்கத்தில் நான் ஒருவன்தான் தமிழன். எங்கள் ஆட்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். "ஏன் தம்பி, கடையிலை இறைச்சி முடிஞ்சுதோ?" என்று தேர்த் திருவிழாவில் வைத்தே கேட்டிருக்கிறார்கள். சங்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் ஏழு வருடம் என் கையில் தடிதான் இருந்தது. நான் பற்றையைத் தட்டி விரட்டுவேன், மற்றவர்கள் சுடுவார்கள், விழுந்ததை நான் சுமப்பேன்.

எங்கள் சங்கம் வருடத்தில் ஒரு முதிர்ந்த கலைமானைத்தான் சுடலாம். அப்படி ஒரு மானை மூன்று கோடைகாலமாக என் கமராக்களில் பார்த்துவருகிறேன். கொம்பில் பன்னிரண்டு முனை, வலது காது கிழிந்திருக்கும். மூன்றாவது கமராவுக்கு முன்னால் நாங்கள் வைத்த உப்புக்கல்லை நக்க வரும். எந்த நேரம் வரும், எந்தக் காற்றுக்கு வராது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். போன ஓகஸ்டில் சங்கத் தலைவர் வெர்னர் என் தோளில் கை வைத்து, இந்த முறை முதல் சூடு உனக்குத்தான் என்றார். ஒரு நிபந்தனை. வேட்டை திறக்கும் வியாழக்கிழமை வரை காட்டுக்குள் யாரும் போகக்கூடாது, சத்தம் கூடாது. மான் மலை முகட்டைத் தாண்டினால் அது பக்கத்துச் சங்கத்தின் மான்.

பாலேந்திரன் அண்ணையைப் பற்றியும் சொல்லவேண்டும். பதினேழு வருடத்துக்கு முன் அகதிகள் காம்பிலிருந்து என்னை வெளியே கூட்டிவந்தவர் அவர். தன் வீட்டு வரவேற்பறையில் பதினொரு மாதம் படுக்க இடம் தந்தார். அந்தக் கடைசி பஸ் தரிப்பில் இருந்த றெஸ்ரோறண்டில் அவர் சமையல்காரர், என்னைக் கோப்பை கழுவச் சேர்த்துவிட்டார். இப்போது எழுபத்தாறு வயது. மனைவி இறந்த பிறகு மறதி வந்துவிட்டது. மகள் ஜெனனியோடு எம்மன்புரூக்கேயில் இருந்தார்.

ஓகஸ்ட் வரை சனிக்கிழமைகளில் அவரைக் காட்டுக்குக் கூட்டிப்போவேன். ஜெனனிக்கு அரை நாள் ஓய்வு, அவருக்கும் சந்தோஷம். புதிதாக விழுந்த மான் படங்களைக் காட்டுவேன். பேரப்பிள்ளையின் பெயரை மறந்தவர் அந்த மானை மறக்கவில்லை.

"எங்கையடா உன்ரை மாப்பிளை? பொம்பிளை பாக்கப் போட்டாரோ?"

"காது கிழிஞ்ச மாப்பிளைக்கு ஆரண்ணை பொம்பிளை குடுப்பினம்?"

ஒவ்வொரு சனியும் இதே பகிடிதான். ஒவ்வொரு சனியும் புதிதாகக் கேட்டதுபோல் சிரிப்பார்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் நான் கமராவில் படம் பதியும் கார்டை மாற்றிக்கொண்டு நிற்க, அவர் எங்கோ இறங்கிப் போய்விட்டார். அரை மணித்தியாலம் தேடிக் கண்டுபிடித்தேன். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரைக் கூட்டிவந்து மூன்றாவது கமராவுக்கு முன்னால் நிறுத்தி, பெட்டியில் அவர் கையை வைத்தேன்.

"அண்ணை, வழி தவறினா இந்தப் பெட்டிக்கு முன்னாலை வந்து நில்லுங்கோ. கையைத் தூக்கிக் காட்டுங்கோ. என்ரை போனிலை உடனை படம் வரும்."

"வந்தா?"

"நான் வாறன்."

"நீ வேலையிலை நிண்டா?"

"எங்கை நிண்டாலும் வாறன். நீங்கள் மட்டும் நிண்ட இடத்தை விட்டு அரக்கக்கூடாது."

அதன்பிறகு காட்டுக்குப் போனால் முதல் வேலையாகப் பெட்டிக்கு முன்னால் நின்று கையைத் தூக்குவார். என் சட்டைப்பையில் போன் சத்தம் போடும். அவருக்கு அதில் ஒரு பெருமை.

செப்டம்பரில், வேட்டை திறக்கும் வாரத்துத் திங்கட்கிழமை பின்னேரம் நாலு பன்னிரண்டுக்குப் போன் சத்தம் போட்டது. நான் தொழிற்சாலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கமரா. மான் என்று நினைத்துத் திறந்தேன். அண்ணை நின்றார். வெள்ளைச் சட்டை, கையில்லாத மண்ணிறச் சுவெட்டர், வீட்டுச் செருப்பு. கை உயர்ந்திருந்தது. இருபத்திரண்டு வருடம் வேலைக்குப் போன அதே பஸ்ஸில் ஏறிப் போயிருக்கிறார்.

உடனே புறப்படத்தான் நினைத்தேன். காரில் ஐம்பது நிமிடம், மேலாளர் விட்டிருப்பார். பிறகு யோசித்தேன். அந்த நேரம் காற்று கீழிருந்து மேலே ஏறும், மனித வாடையையும் கொண்டுபோகும். மான் உப்புக்கல்லுக்கு மேலே உள்ள அடர்ந்த பற்றைக்குள்தான் படுத்திருக்கும். நான் ஏறிப் போய், அவரோடு கதைத்து, கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தால் அது அன்றைக்கே முகட்டைத் தாண்டிவிடும். பஸ் தரிப்பு அங்கிருந்து இருபது நிமிட நடை. வந்த வழியே இறங்கிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அப்படி உண்மையாகவே நினைத்தேன் என்றுதான் நம்புகிறேன்.

ஐந்தரைக்கு ஜெனனி போன் எடுத்தாள்.

"கஜீவன் அண்ணா, அப்பாவைக் காணேல்லை. சாப்பிட்டிட்டுப் படுத்தவர், பாத்தா கதவு திறந்து கிடக்குது. உங்கடை காட்டுப் பக்கம் போயிருப்பாரோ?"

"அங்கை நாலு கமரா நிக்குது, ஜெனனி. வந்திருந்தா படம் விழுந்திருக்கும். ஒண்டும் விழேல்லை."

"அப்ப இஞ்சை ஆத்துப் பக்கம்தான் போயிருக்கிறார்." அவள் அழத் தொடங்கினாள்.

"ஓம். ஆத்துப் பக்கம் பாக்கச் சொல்லுங்கோ."

பொலிஸ் கேட்டபோதும் இதையே சொன்னேன். கமரா வைத்திருக்கிற வேட்டைக்காரன் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? பஸ் சாரதிகளைக்கூட ஒருவரும் விசாரிக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் நாய்களும் ட்ரோனும் முப்பது ஆட்களும் அந்தக் காட்டில் ஏறியிருப்பார்கள்.

போன் திரும்பத் திரும்பச் சத்தம் போட்டது. அந்தப் படங்களை நான் திறக்கவில்லை. ஏழு மணிக்கு, போனிலிருந்தே மூன்றாவது கமரா படம் அனுப்புவதை நிறுத்திவைத்தேன். அனுப்புவதுதான் பற்றரியை அதிகம் குடிக்கும். வேட்டைக்கு முன் பற்றரியை மிச்சம் பிடிப்பது நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை லீவு எடுத்து எம்மே ஆற்றங்கரையில் தேடினேன். நான் சும்மா இருக்கவில்லை. பாலத்திலிருந்து பாலம் வரைக்கும் பதினொரு கிலோமீற்றர் நடந்தேன். பத்து மணியிலிருந்து மழை. ஒவ்வொரு பற்றையையும் விலக்கிப் பார்த்தேன். "அண்ணை, அண்ணை" என்று கூப்பிட்டேன். கூப்பிடும்போது அழுதேன், அது நடிப்பில்லை. கஜீவன் மாதிரி யாரும் தொண்டை கிழியக் கூப்பிடவில்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அது உண்மை.

புதன்கிழமையும் மழை. மலையில் ஆறு பாகை. தேடிவிட்டு வந்த எங்களுக்கு ஜெனனி தேநீர் தந்தாள்.

"அவருக்குக் குளிருமே அண்ணா. சுவெட்டர் மட்டும்தானே போட்டிருக்கிறார்."

"எங்கையாவது ஒதுங்கியிருப்பார், ஜெனனி."

வியாழக்கிழமை விடிய மழை விட்டது. நானும் வெர்னரும் காட்டுக்குக் கீழே புல்வெளி ஓரத்தில் இருந்தோம். ஆறு ஐம்பதுக்கு மான் இறங்கி வந்தது. நான் சுட்டேன், ஒரே சூடு. இங்கே ஒரு வழக்கம் உண்டு. விழுந்த மானின் வாயில் ஊசியிலை மரத்தின் சிறு கிளையை வைப்பார்கள். அதன் கடைசி வாய்ச் சாப்பாடு அது. நான்தான் முறித்து வைத்தேன். வெர்னர் சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்தார்.

பிறகு மூன்றாவது கமராவைக் கழற்றி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன். நானூறு மீற்றர். அண்ணை அங்கேதான் இருந்தார், கமராவுக்கு நேர் எதிரே மரத்தில் சாய்ந்தபடி. தொட்டுப் பார்த்தேன். கமராவின் கார்டைக் கழற்றி எடுத்துவிட்டு, பொலிசுக்கு நான்தான் அழைத்தேன். கமராவில் ஏன் படம் விழவில்லை என்று கேட்டார்கள். பற்றரி படுத்துவிட்டது என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள். புதன் காலையில்தான் உயிர் போயிருக்கிறது என்று டொக்டர் சொன்னார்.

செத்தவீடு அடுத்த செவ்வாய். ஜெனனிக்குச் சகோதரர் இல்லை. "அப்பா உங்களை மகன் எண்டுதான் சொல்லுறவர். முதல் வாய்க்கரிசி நீங்கள் போடுங்கோ" என்றாள். போட்டேன். மானின் வாயில் கிளையை வைத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. இரண்டுக்கும் ஒரே கை.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் என்னிடம் கேட்டாள். "ஒரு விஷயம் எனக்கு விளங்கேல்லை அண்ணா. நாப்பது அடி தள்ளி விறகுக் கொட்டில் இருக்குது. மழைக்கு அங்கை ஒதுங்கியிருக்கலாம். அப்பா ஏன் அந்தப் பெட்டிக்கு முன்னாலையே இருந்தவர்?"

"களைச்சிருப்பார்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். என்னை நம்பினாள். அதைத் தாங்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். அரக்கக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவருக்கு அந்த ஒன்றுதான் நினைவிருந்தது.

கமரா என் போனுக்கு அனுப்புவதைத்தான் நிறுத்தியிருந்தேன். படம் எடுப்பதை அது நிறுத்தவில்லை. கார்டை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். நேற்றுக் காலை வரைக்கும் நானும் அதைப் பார்க்கவில்லை. அண்ணை இருக்கிற படங்கள் அறுபத்து மூன்று. நாற்பத்தொன்றில் கை உயர்ந்திருக்கிறது.

ஒரு படத்தை நீங்கள் கட்டாயம் பார்க்கவேண்டும். புதன்கிழமை காலை ஆறு நாற்பது. அண்ணை மரத்தில் சாய்ந்திருக்கிறார். அவருக்கு மூன்றடி பின்னால் மான் நின்று உப்புக்கல்லை நக்குகிறது, கிழிந்த காது நன்றாகத் தெரிகிறது. இரண்டு நாள் அவர் அங்கே இருமியிருப்பார், கூப்பிட்டிருப்பார். மான் எங்கேயும் போகவில்லை. திங்கட்கிழமை நான் ஏறிப் போயிருந்தாலும் அது போயிருக்காது.

அந்தப் படத்தில் அண்ணை சிரிப்பது போலிருக்கிறது. மாப்பிள்ளையைக் கண்ட சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பெரிதாக்கிப் பார்த்தேன். மான் வந்ததே அவருக்குத் தெரியாது. கையைப் பாதி தூக்கியபடி கமராவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். படத்தின் கீழ் மூலையில், பற்றரி அறுபது வீதம் என்று இருக்கிறது.