நோயலுக்கு ஓர் இடம்

இந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் காற்றே வருவதில்லை, சாமி. ஒரு சின்ன ஃபேன் மாட்டச் சொல்லுங்கள். தவக்காலத்தில் வயசானவர்கள் முட்டி போட்டு வேர்த்து வழிகிறார்கள், பார்க்கவே பாவமாக இருக்கிறது.

நான் டெரிக். ஐரீனம்மாவின் மூத்த மகன். ஹார்பரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். அப்படிச் சொன்னால் ராயபுரத்தில் யாருக்கும் தெரியாது, நோயலின் அண்ணன் என்றால் தெரியும். நீங்களே பூசை முடிந்து என்னைப் பார்த்தால், "தம்பி இப்போ எந்த நாட்டில?" என்றுதான் கேட்பீர்கள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதே இல்லை.

ஃபுட்பாலில் நோயலை எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடுவான். மாலத்தீவில் முன்வரிசை, மலேசியாவில் நடுவில், சைப்ரஸில் எங்கே ஓட்டை விழுந்ததோ அங்கே. எவனுக்காவது கால் சுளுக்கினால் அவன் இடத்தில் நோயல். ஊரில் அதைப் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு வருத்தம்தான். எல்லாரும் சாப்பிட்டு முடிகிற வரை பரிமாறிக்கொண்டே நிற்கிறவன் மாதிரி, தனக்கென்று ஓர் இலை இல்லாமல் அத்தனை வருஷம் ஓடினான்.

நான் கோல்கீப்பர். எனக்குத் தெரிந்தது அந்த ஒரே இடம். ஒரு ஃபைனலில் நான் கோல் விட்டதும், கோச் வரதன் பாதி ஆட்டத்தில் என்னை உட்காரவைத்து, கையுறையைக் கழற்றி நோயலிடம் கொடுக்கச் சொன்னார். அவன் ஒன்றுகூட விடவில்லை. மாலத்தீவு கிளப்பிலிருந்து வந்திருந்தவர் அதைப் பார்த்துத்தான் அவனைக் கூட்டிப்போனார். கையுறையை ஈரத்தோடு திருப்பிக் கொடுத்து, "உன் கிளவ்ஸு செம ராசிண்ணா" என்றான். இதிலெல்லாம் எனக்கு மனத்தாங்கல் கிடையாது.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது முகமெல்லாம் பூரிப்பு. அம்மாவைக் கட்டிப்பிடித்து, "சைப்ரஸ்லயே மூணு வருசத்துக்கு சைன் பண்ணப் போறேம்மா. லெஃப்ட் பேக்கு. இனிமே அங்க இங்க மாத்த மாட்டாங்களாம். அது என் எடம்" என்றான். அம்மா அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் கீறியே" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் கோயில் பையன்களுக்கும் வியாசர்பாடிக்கும் வருஷா வருஷம் ஆட்டம் நடக்கும். "காலுக்கு எதுனா ஆயிடப் போவுது, வாணாம்" என்று அம்மா தடுத்தாள். நான்தான், "பசங்க பேஜாராயிடுவானுங்க, வாடா" என்று அழைத்துப் போனேன். எனக்கு முன்னால், பின்வரிசையில் நின்றான்.

இரண்டாம் பாதியில் பந்து ஒன்று உயரமாக எங்கள் கோல் பக்கம் வந்தது. நோயல் என்னைப் பார்த்தபடி அதைத் துரத்தி ஓடிவந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் வியாசர்பாடி பீம்ராவ், முழு வேகத்தில். பீம்ராவ் நல்ல பையன், நெஞ்சில் வஞ்சம் இல்லாதவன். நான் ஒரு வார்த்தை கத்தினேன். நோயல் காலை ஊன்றி அப்படியே நின்றான். பீம்ராவின் மொத்த உடம்பும் அந்த முட்டியில் விழுந்தது.

எங்கள் பக்கம் கால் பிசகினால் முதலில் கட்டுக்காரரிடம்தான் போவோம். நானும் அங்கேதான் ஆட்டோவை விடச் சொன்னேன். அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இது கட்டு போட்ற கேஸ் இல்ல நைனா. பாதம் ஜில்லுனு கீது, ரத்தம் எறங்கல. ஒடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

ஆட்டோவில் நோயல் கேட்டான்: "இன்னாண்ணா சொன்னாரு?"

"வூட்ல படுத்துகினு இருந்தா சரியாயிடும்னாரு."

"சரிண்ணா" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

வீட்டில் நான் அவன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சிமெண்டுத் தரையைத் தொடுகிற மாதிரி இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் முட்டிக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள்.

இப்போது ஜன்னலோரம் நாற்காலி போட்டிருக்கிறேன். அது நோயலின் இடம், யாரும் மாற்ற மாட்டார்கள். அம்மா எதற்கெடுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறாள். நான்தான் அவனைக் குளிப்பாட்டுகிறேன். தூக்கும்போது என் கழுத்தைக் கட்டிக்கொள்வான். அப்போது எனக்கு அழுகை வரும், சத்தியமாக.

பார்க்க வருகிறவர்கள் எப்படி நடந்தது என்று கேட்பார்கள். நோயல் எல்லாரிடமும் ஒரே பதில்தான் சொல்கிறான்: "அண்ணன் 'ஆளு'ன்னு கத்துனான். எனுக்குத்தான் காதுல வுழல."

'ஆளு' என்றால், பின்னால் எதிராளி வருகிறான், ஒதுங்கு என்று அர்த்தம். நான் அப்படிக் கத்தவில்லை, சாமி. 'விடு' என்று கத்தினேன். பந்தை நான் பிடித்துக்கொள்கிறேன், நீ நில் என்று அர்த்தம். சின்ன வயசிலிருந்து நான் 'விடு' என்றால் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றுவிடுவான். பீம்ராவ் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் கத்தினேன். கோலைவிட்டு ஓரடிகூட முன்னே வரவில்லை. நோயலின் முகம் என்னைப் பார்த்துத்தான் இருந்தது. அவனுக்கு எல்லாம் தெரியும்.

தெரிந்துகொண்டே, பெற்ற தாயிடம்கூடப் பொய் சொல்கிறான். அது அவன் ஆத்துமாவுக்கு நல்லதில்லை. நீங்கள் நற்கருணை கொடுக்க வீட்டுக்கு வரும்போது, அவனை ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்லுங்கள், சாமி.