தொப்பி நத்தைக்கு மூடி கிடையாது

மகள்: அப்படியில்லம்மா. முதல்ல வாயைப் பாரு.

அம்மா: யார் வாயை?

மகள்: நத்தை வாயைத்தான். ஓட்டுக்குள்ளேர்ந்து அது வெளிய வர்ற வாசல் இருக்குல்ல... அது வட்டமா இருக்கா, இல்ல ஓரத்துல பள்ளம் விழுந்திருக்கா?

அம்மா: பள்ளம் இருந்தா?

மகள்: பெரும்பாலும் கறி திங்கிற ரகம். பவளத்தையே கடிச்சாலும் கடிக்கும், உடனே வெளிய எடுத்துடணும். வட்டமா இருந்தா பாசி மேயற சாது. என் கடல்தண்ணித் தொட்டியில இருந்துட்டுப் போகட்டும்.

அம்மா: உங்க பெரியம்மா மாதிரி ஒண்ணு, என்னை மாதிரி ஒண்ணுன்னு சொல்லு.

மகள்: சிரிக்க வைக்காதேம்மா. ஆபீஸ் மாடிப்படியில உக்காந்திருக்கேன்... பாத்தியா?

அம்மா: இரு, கண்ணாடியை மாட்டிக்கிறேன்... இதுக்கு வாசலே இல்லடி. அடியில மொத்தமும் திறந்து கெடக்கு, பாவாடை மாதிரி. மேல கூம்பு. உச்சியில ஒரு ஓட்டை.

மகள்: ஐ... லிம்பெட்! நான் தொப்பி நத்தைன்னு சொல்வேனே, அது. கடல் கல்லு வாங்கிப் போட்டப்ப டிக்கெட் எடுக்காம தொத்திக்கிட்டு வந்ததுங்கள்ல, இதுவும் ஒண்ணு. எவ்ளோ பெருசு?

அம்மா: கோட்டு பட்டன் அளவு.

மகள்: தையல்காரிகிட்ட கேட்டா பட்டன்லதான் அளவு வரும்.

அம்மா: ஏன், நேத்து சட்டை பட்டன்னு சொன்னதும் டக்குன்னு புரிஞ்சுதுல்ல? ஆமா, அந்தக் கறுப்பு நத்தை... நீ சொன்ன பேரை உன் புத்தகத்துல தேடிப் பாத்தேன். அந்தப் படத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையேடி?

மகள்: அது... வேற வெளிச்சத்துல எடுத்திருப்பாங்க. விடு. முந்தாநாள் சொன்னியே, அந்தக் காது நத்தை என்னாச்சு? தொட்டா வாலைக் கழட்டிப் போட்டுட்டு ஓடும்னு சொன்னேன்ல, தொட்டுப் பாத்தியா?

அம்மா: தொட்டேன். ஓடலை. மரியாதையா அப்படியே இருந்துச்சு.

மகள்: இது? இந்தத் தொப்பி என்ன பண்ணுது?

அம்மா: சும்மா இருக்கு. தூங்குது போல.

மகள்: உன்கிட்ட வந்தா எல்லாம் நல்லாத் தூங்குதும்மா.

அம்மா: நீ சாப்டியா?

மகள்: டிபன் டப்பா மடியிலதான் இருக்கு.

அம்மா: எல்லாரும் சேந்துதானே சாப்பிடுறீங்க?

மகள்: ம்... எல்லாரும்தான்.

அம்மா: சத்தமே காணோம்?

மகள்: அவங்க... கை கழுவப் போயிருக்காங்க. உன் பக்கமும்தான் சத்தத்தைக் காணோம். முன்னெல்லாம் நீ ஃபோனை எடுத்தாலே பின்னாடி தொட்டித் தண்ணி சலசலன்னு கேக்கும்.

அம்மா: அது... தையல் மெஷின் ஓட்டுறேன்ல. அதுல அமுங்கிப் போகுது.

மகள்: மெஷினும் கேக்கலையே.

அம்மா: இப்பதான் நிறுத்தினேன். இந்தா, ஓட்டுறேன்... கேக்குதா?

மகள்: கேக்குது, கேக்குது! நிறுத்து. ஒரு கையில ஃபோனை வெச்சுக்கிட்டு ஊசியில விரலைக் குடுத்துறாதே.

அம்மா: ஒண்ணு கேக்கணும்டி. உச்சியில ஓட்டை எதுக்கு?

மகள்: மூச்சு விட்ட தண்ணி, கழிவு, எல்லாம் அது வழியாத்தான் வெளிய போகும்.

அம்மா: தலை மேலயா?

மகள்: தலை மேலயேதான்.

அம்மா: கர்மம்! அதுக்குத்தான் மூடி வெச்சிருக்கா?

மகள்: எந்த மூடி?

அம்மா: பழுப்பா, வட்டமா, துளியூண்டு இருக்கு. பிரஸ் பட்டன் மாதிரி. ஓட்டை மேல வெச்சுப் பாத்தேன், அளவெடுத்துத் தெச்ச மாதிரி உக்காருது.

மகள்: தனியாவா? கையில எடுத்தியா?

அம்மா: ஆமாடி, கையிலதான் இருக்கு.

மகள்: தொப்பி நத்தைக்கு மூடியே கிடையாதும்மா.

அம்மா: ஓட்டைன்னு ஒண்ணு இருந்தா பட்டன்னு ஒண்ணு இருக்கும்ல?

மகள்: அது நீ தெக்கிற சட்டையில. இது வேற ஏதோ நத்தையோட மூடி. உள்ள போய் வாசலைச் சாத்திக்கிற கதவு. கால்லயே ஒட்டியிருக்கும், அதுவாக் கழண்டு வராது. தனியாக் கைக்கு வந்துச்சுன்னா...

அம்மா: வந்துச்சுன்னா?

மகள்: ஒண்ணுமில்ல. நீ சாப்டியா?

அம்மா: ஆச்சு ஆச்சு... ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?

மகள்: படிக்கட்டுல ஒரே தூசி. அம்மா, சனிக்கிழமை வீட்டுக்கு வரலாம்னு இருக்கேன்.

அம்மா: எதுக்கு?

மகள்: எதுக்கா? பெத்த பொண்ணு வர்றேன்னா எதுக்குன்னா கேப்பாங்க?

அம்மா: அதுக்கில்லடி... புது வேலை. அதுக்குள்ள லீவு கேட்டா என்ன நெனைப்பாங்க? அடுத்த மாசம் வா. இங்க... வெள்ளையடிக்கப் போறேன்.

மகள்: வெள்ளையா?

அம்மா: ஆமா. வீடே அலங்கோலமா இருக்கும்.

மகள்: அப்ப தொட்டிக்கு மேல துணி போட்டு மூடிடு. சுண்ணாம்பு விழுந்துறப் போகுது.

அம்மா: தொட்டிக்கா...

மகள்: அம்மா.

அம்மா: துணிதானே... போட்டு... மூடிடுறேன்...

மகள்: அழறியா?

அம்மா: இல்லடி... ஆமா. தொட்டி போச்சுடி கண்ணு. கண்ணாடித் தொட்டி இருக்கு. உள்ள நூல்கண்டு அடுக்கி வெச்சிருக்கேன்.

மகள்: சொல்லு.

அம்மா: பெரியம்மாவை ஆஸ்பத்திரியில சேத்தப்ப நான்தானே கூட இருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தா மோட்டார் நின்னு கெடக்கு. வீடெல்லாம் நாத்தம். தண்ணி பால் மாதிரி. பவளமெல்லாம் கரைஞ்சே போச்சு. மீனையாவது நீ போறப்பவே கடைக்காரர்கிட்ட குடுத்துட்டே... இதுங்களை "பாத்துக்கம்மா"ன்னு என்கிட்ட விட்டுட்டுப் போனே. ஒரே ஒரு வார்த்தை. அதைக்கூட என்னால...

மகள்: மோட்டார் நின்னா நீ என்னம்மா பண்ணுவே?

அம்மா: செத்த நத்தையையெல்லாம் ஒண்ணொண்ணாப் பொறுக்கினேன்டி. எதுக்கும் பேர் தெரியல. அந்தத் தொட்டிக்குப் பக்கத்துல உக்காந்துதான் எத்தனை வருஷம் தெச்சிருக்கேன், ஒண்ணுத்தோட பேர்கூடத் தெரியாது எனக்கு! பேர் தெரியாம குப்பையில போட மனசு வரல. கழுவி பட்டன் டப்பாவுல போட்டு வெச்சேன். அதுலேர்ந்து தினம் ஒரு நத்தை ஓடு எடுத்துக்கிட்டு உனக்கு ஃபோன் பண்றேன். இந்த மூடியும் அந்த டப்பா அடியிலதான் கெடந்துச்சு.

மகள்: முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?

அம்மா: சொல்லத்தான் கூப்பிட்டேன். "நத்தை..."ன்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நீ "புதுசா ஒண்ணு வெளிய வந்திருக்கா, என்ன நிறம், வாய் எப்படி"ன்னு ஆரம்பிச்சுட்டே. மத்த நாளெல்லாம் "சாப்டேன், வேலை இருக்கு, வைக்கிறேன்"ம்பே. அன்னைக்கு நீ ஃபோனை வைக்கவேயில்ல. அந்த ஆசை விடலைடி எனக்கு. திட்டணும்னா திட்டிடு.

மகள்: திட்ட மாட்டேன். எனக்குத் தெரியும்.

அம்மா: என்ன தெரியும்?

மகள்: எல்லாம். தண்ணி சத்தம் கேக்காமப் போன அன்னைக்கே தெரியும். அழுதும் முடிச்சுட்டேன். புதுசாக் கல்லே போடாத தொட்டியில தினம் ஒரு புது நத்தை எங்கேர்ந்தும்மா வரும்?

அம்மா: அடிப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேதான் வாயைப் பாரு, வாலைத் தொடுன்னு என்னைப் போட்டுப் படுத்தினியா? ஏண்டி?

மகள்: இங்க யாரும் கை கழுவப் போகலம்மா. வந்த நாள்லேர்ந்து இந்தப் படிக்கட்டுல நான் மட்டும்தான் சாப்பிடுறேன். நத்தையெல்லாம் தீந்துட்டா நீயும் கூப்பிட மாட்டியோன்னு பயம்... அதான் நேத்து கறுப்பு நத்தைக்கு வேணும்னே தப்பான பேர் சொன்னேன். இன்னொரு நாள் நீ அதைத் திரும்பக் கேப்பியேன்னு.